கழற்றப்பட்ட வடிகட்டியும் கண்ணுக்குத் தெரியாத குற்றமும்

டீசல் வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு அகலமான எஃகுக் குழாய் ஒன்றைப் பொருத்துவதற்கு இந்திய நகரங்களில் இன்று வழங்கும் பெயர் 'அப்கிரேட்'. தார், ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற டர்போ டீசல் வண்டிகளின் உரிமையாளர்களை நோக்கி இச்சொல் ஓயாமல் வீசப்படுகிறது. எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும், மைலேஜ் உயரும், சத்தம் கம்பீரமாக மாறும் என நான்கு வாக்குறுதிகள். இவற்றில் கடைசி ஒன்று மட்டுமே முழு உண்மை. ஏனைய மூன்றும் ஓரளவேனும் உண்மையாக வேண்டுமானால் வண்டியிலிருந்து வேறொன்றையும் கழற்றியாக வேண்டும். அந்த வேறொன்றைப் பற்றிப் பட்டறைக்காரர் தாழ்ந்த குரலில் பேசுவார். காவல்துறை பேசவே பேசாது. கல்விப்புலமோ இத்தகைய பட்டறைக் கைவேலை முழுவதையும் 'ஜுகாட்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

முதலில் பொறியியல். ஏனெனில் இவ்வணிகம் முழுவதும் ஓர் அரைகுறைப் பொறியியல் நம்பிக்கையின் மேல் நிற்கிறது: புகை வெளியேறும் வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆற்றல். சைலன்சருக்குள் இருப்பவை விரிவறைகளும், துளையிட்ட குழாய்களும், சில வகைகளில் ஒலியை உறிஞ்சும் நார்ப் பொதியும்தான். இவை புகையின் பாதையில் சிறிது எதிரழுத்தத்தை உண்டாக்குகின்றன என்பது மெய்யே. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் வெளியேறும் அழுத்த அலைகளின் நேரக்கணக்கு, குழாயின் நீளம், விட்டம் ஆகியவை ஆற்றலைப் பாதிக்கும். அங்கே குழாய் வடிவமைப்பு ஒரு கலை. டர்போ டீசலின் கதை வேறு. சிலிண்டரிலிருந்து வரும் சூடான புகை முதலில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அழுத்த அலைகளின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடுகிறது. டர்போ டீசல்கள் இயல்பாகவே சற்று அமைதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த விகிதமே அதன் உழைப்பை நிர்ணயிப்பதால், பின்பக்க அழுத்தம் குறைந்தால் டர்போ சற்று விரைவாக வேகமெடுக்கும். 'டீசலுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்' என்று பட்டறைகளில் எதிர்த்திசையில் சொல்லப்படும் வாதமும் தவறுதான் என்பதைப் போகிற போக்கில் குறித்துவைக்கலாம்.

ஆனால் அந்த 'சற்று' எவ்வளவு என்பதே கேள்வி. எந்திரப் பம்பினால் எரிபொருள் செலுத்தப்பட்ட பழைய டீசல்களில், பம்பின் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டியவர்கள் அதற்கு ஈடாகக் குழாயையும் அகலப்படுத்தினார்கள். அதில் ஒரு தர்க்கம் இருந்தது. இன்றைய காமன் ரயில் எஞ்சினில் எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எத்தனை துளிகளாகச் செலுத்தப்பட வேண்டும் என்பதையும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதையும் கட்டுப்பாட்டுக் கணினியே முடிவு செய்கிறது. டீசல் எஞ்சினின் ஆற்றல் அது எரிக்கும் டீசலிலிருந்து வருகிறது. குழாயின் அகலத்திலிருந்து அன்று. கணினி குறித்துவைத்த இலக்கு அழுத்தத்தை எட்டியதும் டர்போவின் இறக்கைகள் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ஆகவே, வண்டியின் பின்புறம் தொங்கும் கடைசி சைலன்சரை மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமே. சத்தம் கூடியதால் வேகம் கூடியதாகத் தோன்றும் மயக்கம் இலவச இணைப்பு.

இங்குதான் வணிகத்தின் அடுத்த படி தொடங்குகிறது. இழுவை கூடவில்லை என்று திரும்பி வரும் வாடிக்கையாளரிடம், அடைப்பு சைலன்சரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. சொல்லப்படுவது உண்மை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளை நிறைவு செய்யும் டீசல் கார்களில், டர்போவை ஒட்டி ஒரு துகள் வடிகட்டி உள்ளது. டிபிஎஃப் என்று பட்டறை மொழியில் வழங்குவது அதுவே. புகைப்பாதையில் எதிரழுத்தத்தின் பெரும்பங்கு இதிலும் இதனுடன் இணைந்த வினையூக்கியிலும்தான் உள்ளது. எனவே அதை வெட்டியெடுத்து, அல்லது வெளிக்கூட்டை மட்டும் விட்டுவிட்டு உள்ளிருக்கும் பீங்கானை இடித்து நொறுக்கி, கணினியின் மென்பொருளைத் திருத்தி, எச்சரிக்கை விளக்கு எரியாதவாறு செய்து, கூடவே எரிபொருள் அளவையும் கூட்டிவிட்டால் வண்டி உண்மையிலேயே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் பெரும்பகுதி மென்பொருள் செய்தது. ஆனால் ரசீதில், ரசீது என்று ஒன்று இருந்தால், 'எக்ஸாஸ்ட் வேலை' என்றுதான் இருக்கும். சைலன்சர் மாற்றம் என்ற வாயில் வழியே நுழைபவரை வணிகம் இழுத்துச் செல்லும் உள்ளறை இது.

அவ்வடிகட்டி என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் இழப்பின் அளவு புலப்படும். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி; அதில் நூற்றுக்கணக்கான நுண்வழிகள்; ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே வந்த புகை அடைத்த முனையில் முட்டி, நுண்துளைகள் கொண்ட பக்கச் சுவரை ஊடுருவி அடுத்த வழிக்குச் சென்றாக வேண்டும். வாயு ஊடுருவுகிறது, கரி சுவரில் தங்கிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வடிகட்டி துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பிடித்துவிடும். தேங்கிய கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் வண்டியே எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பயணியர் டீசல் காருக்கு பாரத் நிலை 4 அனுமதித்த துகள் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம். நிலை 6 அனுமதிப்பது 4.5 மில்லிகிராம். எடையை மட்டும் பார்த்தால் போதாது என்பதால், துகள்களின் எண்ணிக்கைக்கும் முதன்முறையாக வரம்பு விதிக்கப்பட்டது. இதற்காக நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் டீசலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தன. ஆலைகளைப் புதுப்பித்த பெருஞ்செலவு பொதுமக்களின் தலையில்தான் விழுந்தது. நிலை 5-ஐத் தாண்டி நேராக நிலை 6-க்குச் செல்ல நாடு எடுத்த முடிவு அது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 2020 மார்ச் 31-க்குப் பிறகு நிலை 4 வண்டிகளை விற்கவே கூடாது என்று தீர்ப்பளித்ததும் இதே நோக்கில்தான். இவ்வளவும் சேர்ந்து உருவாக்கிய ஒரு பயனை, பட்டறை ஒன்று ஒரே பிற்பகலில் ரத்து செய்துவிடுகிறது.

உரிமையாளரின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி தொடர்ந்து சற்று வேகமாக ஓட வேண்டும். தில்லி, பெங்களூரு போன்ற ஊர்களின் நெரிசலில் நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும்; அதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதன் தரத்தைக் கெடுக்கும்; எச்சரிக்கை விளக்கு எரியும்; இறுதியில் வண்டி வேகமெடுக்க மறுக்கும். புதிய வடிகட்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தை மலைக்கவைக்கும். நகருக்குள் குறுந்தொலைவு மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு டீசல் வண்டியே பொருத்தமில்லை என்ற உண்மையை விற்பனைக்கூடத்தில் எடுத்துச் சொல்பவர் அரிது. இது ஒரு மெய்யான நுகர்வோர் குறை. இதற்கு வழக்கு தொடுக்கலாம், உத்தரவாதக் காலத்தை நீட்டக் கோரலாம், வடிகட்டியை முறைப்படி கழற்றிச் சுத்தம் செய்துதரும் நிலையங்களைக் கேட்டுப் போராடலாம். குறையின் செலவை அடுத்த வண்டியில் வருபவரின் நுரையீரலுக்கு மாற்றிவிடுவது மட்டும் தீர்வாகாது. மேலும், வடிகட்டியை எடுப்பவர்கள் அனைவரும் எச்சரிக்கை விளக்கினால் அவதிப்பட்டவர்கள் அல்லர். கணிசமானோர் வண்டி வாங்கிய புதிதிலேயே, எந்தக் கோளாறும் இல்லாத வடிகட்டியை, ஒரு கர்ஜனைக்காகவும் சில குதிரைத் திறனுக்காகவும் துறக்கிறார்கள்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையால் உறுதி செய்யப்பட்டு, அது முதல் பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் உள்ள பிரிவு அது. வடிகட்டி பிடிக்கும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவும் அதற்குக் கீழும் உள்ளவை. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிட இவை ஆழமாகச் செல்கின்றன, நுரையீரலின் நுண்ணறைகள் வரை. வண்டியின் உரிமையாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றில் அமர்ந்திருப்பார். குழாயின் வாய் இருக்கும் உயரத்தில் மூச்சுவிடுபவர்கள் வேறு: சிக்னலில் பேனா விற்கும் சிறுவர், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், மின்ரிக்‌ஷா ஓட்டுநர், தில்லியின் மேம்பாலங்களுக்கு அடியில் குளிர்கால இரவைக் கழிப்பவர்கள்.

தனிமனிதரின் சிறு மீறல்தானே, மொத்தக் காற்றில் அது எம்மாத்திரம் என்ற வாதத்திற்கு அமெரிக்காவிலிருந்து விடை உண்டு. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அவ்வண்டிகளின் வாழ்நாளில் கூடுதலாக வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5 லட்சத்து 70 ஆயிரம் டன், துகள்கள் 5 ஆயிரம் டன். 90 லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய வண்டிகளைச் சாலையில் இறக்கியதற்கு ஒப்பான விளைவு இது. சிறு மீறல் பல்கிப் பெருகுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. இந்தியாவுக்கு இத்தகைய கணக்கெடுப்பை எடுக்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்குப் பின்னர் வரலாம்.

2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களின் மென்பொருளில் ஏமாற்று நிரலைப் பொதித்து விற்றது அம்பலமானபோது இந்தியாவிலும் கொதிப்பு எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதன் மீதான கட்டாய நடவடிக்கையை நிறுத்திவைத்தது என்பது தனிக்கதை. அன்று பன்னாட்டு மூலதனத்தின் அறமின்மை குறித்து எழுதப்பட்டவை ஏராளம். நிறுவனம் செய்தது, சோதனைக்கூடத்தில் ஒரு முகமும் சாலையில் ஒரு முகமும் காட்டும் மென்பொருள். பட்டறை செய்வது, இல்லாத வடிகட்டி இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் மென்பொருள். ஏமாற்றின் இலக்கணம் ஒன்றே. முதலாவது ஊழல் என்றும் இரண்டாவது பொழுதுபோக்கு என்றும் பெயர் பெறுவது எப்படி?

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியைக் குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று, ஒலி மாசு விதிகளை மீறி ஓட்டுபவருக்கு 190(2) பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏட்டில் இவ்வளவு இருக்க, சாலையில் காணக்கிடைப்பது ஒரு சடங்கு மட்டுமே. பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, செய்தியாளர்களை அழைத்து, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் சடங்கு. பல மாநிலக் காவல்துறைகள் இதை நடத்தியிருக்கின்றன.

அந்தச் சடங்கில் பொருள் இல்லாமலில்லை, ஒலியும் வன்முறைதான். குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபெல். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குப் பகலிலேயே 50. மாற்றப்பட்ட டீசல் குழாயின் தாழ்ந்த உறுமல் சுவர்களையும் எளிதில் கடக்கும். மாற்றப்பட்ட சைலன்சர்களின் இரைச்சலை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2021-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது சரியானதே. ஆனால் தண்டனையின் தேர்வைக் கவனிக்க வேண்டும். காதுக்குக் கேட்பது பிடிபடுகிறது; மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டாதது தப்பிக்கிறது. இரு சக்கர வண்டியில் வரும் இளைஞரின் சைலன்சர் நசுக்கப்படுகிறது. முப்பது லட்ச ரூபாய் வண்டியின் அடிவயிற்றில் வெறுங்கூடாகிவிட்ட டிபிஎஃப்பைக் குனிந்து பார்க்க எவரும் முன்வருவதில்லை. அவ்வண்டியில் கட்சிக்கொடியோ பதவிப் பலகையோ இருந்துவிட்டால் குனியும் உரிமையும் போய்விடும்.

குனிந்து பார்த்தாலும் பயனில்லாதவாறு சோதனை முறையே அமைந்திருக்கிறது. பெட்ரோல் பங்குகளின் ஓரத்தில் நடக்கும் பியூசி சோதனையில் டீசல் வண்டியின் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். கரும்புகை கக்கும் பழைய லாரிகளின் காலத்துக்குப் பொருந்திய அளவீடு இது. நவீன எஞ்சினின் கரி மிக நுண்ணியது, ஒளியை அதிகம் மறைக்காது. வடிகட்டியே இல்லாத புது வண்டி இச்சோதனையில் தேறிவிட முடியும். ஐரோப்பா இதை உணர்ந்து துகள்களை எண்ணும் முறைக்கு மாறிவிட்டது: பெல்ஜியம் 2022 ஜூலையில், நெதர்லாந்து 2023 ஜனவரியில், ஜெர்மனி 2023 ஜூலையில். எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு, குழாயில் ஒரு முனையைச் செருகினால், சில நிமிடங்களில் வடிகட்டி இருக்கிறதா இல்லையா என்பது வெளிப்பட்டுவிடும். பிரிட்டன் 2014 பிப்ரவரியிலிருந்தே, வடிகட்டி பொருத்தி விற்கப்பட்ட வண்டியில் அது காணப்படாவிட்டால் ஆண்டுச் சோதனையில் தகுதி மறுத்துவருகிறது.

இந்திய அரசு தேர்ந்தெடுத்த அளவுகோல் வயது. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்பது 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணை. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே தரக்கூடாது என்று தில்லியில் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பினால் சில நாள்களில் ஒத்திவைக்கப்பட்டது. வயதை நிர்வகிப்பது எளிது. பதிவுச் சான்றில் தேதி இருக்கிறது. புகையை நிர்வகிக்க அளவுக் கருவியும் நேர்மையும் வேண்டும். பராமரிக்கப்பட்ட பதினோராண்டு வண்டி கள்ளக்கடத்தல் பொருளாக நடத்தப்பட்ட அதே நகரில், வடிகட்டி இடிக்கப்பட்ட ஈராண்டு வண்டி செல்லுபடியாகும் பியூசி சான்றிதழுடன் உறுமிக்கொண்டு செல்கிறது.

இனி கல்விப்புலம். 2012-இல் வெளிவந்த 'ஜுகாட் இன்னோவேஷன்' என்ற நூலுக்குப் பிறகு, பற்றாக்குறையில் பிறக்கும் கைவண்ணம் என்ற கருத்தாக்கம் மேலாண்மைப் பள்ளிகளில் தொடங்கி மானிடவியல் கருத்தரங்குகள் வரை பரவியது. பழுதுபார்ப்பின் அறிவைக் கௌரவிப்பது அவசியம்தான். கஷ்மீரி கேட்டின் உதிரிபாகக் கடைகளிலும் மாயாபுரியின் கழிபொருள் சந்தையிலும் உழைக்கும் கரங்களின் அறிவை மேட்டிமைப் பொறியியல் நெடுங்காலம் இழிவாகவே பார்த்தது. ஆனால் அந்த மரியாதை ஒரு சோம்பலாக உறைந்துவிட்டது. அரசின் தரநிலை என்றாலே கண்காணிப்பு, பட்டறையின் மீறல் என்றாலே எதிர்ப்பு என்ற எளிய சமன்பாட்டில் எவர் மூச்சு இழக்கிறார் என்ற கேள்விக்கு இடமில்லை. தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கொண்டு வண்டி கட்டியவரின் கைவண்ணமும், முப்பது லட்ச ரூபாய் வண்டியின் வடிகட்டியை இடித்து நொறுக்குபவரின் 'கைவண்ணமும்' ஒரே சொல்லின் நிழலில் நிற்கின்றன. முதலாமவரை இயக்கியது இல்லாமை. இரண்டாமவரிடம் இருப்பது மிகுதி, அதன் கழிவை இல்லாதவர் மேல் கொட்டும் துணிவு. இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத கருத்தாக்கத்துக்கு ஆய்வுப்புலத்தில் என்ன வேலை?

பொறியியல் துறைகளின் மௌனம் இன்னும் விசித்திரமானது. மாணவர்கள் உருவாக்கும் பந்தயக் கார்களுக்கான போட்டிகளில் ஒலிச்சோதனையில் தோற்ற வண்டி தடத்தில் இறங்க முடியாது. அந்த ஒழுக்கத்தைக் கற்றவர்களே வெளியே வந்ததும் மென்பொருள் திருத்தும் தொழிலில் முதல்தரத் திறமைசாலிகளாக விளங்குகிறார்கள். உள்ளெரி எஞ்சின் பாடத்தில் வடிகட்டியின் வேதியியல் உண்டு. அதை அகற்றுவது குற்றம் என்ற ஒரு வரி பெரும்பாலான வகுப்பறைகளில் ஒலிப்பதில்லை.

துகள் எண்ணும் கருவிகள் இந்நாட்டில் இல்லாதவை அல்ல. சூழலியல், வளிமண்டல அறிவியல் ஆய்வகங்கள் பலவற்றில் அவை இருக்கின்றன. காற்றின் தரம் குறித்த கட்டுரைகளுக்காகக் கூரைகளின் மேல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தரைக்கு இறக்கி, தகுந்த நீர்ப்பித்தல் அமைப்போடு, பல்கலைக்கழக வாயிலில் ஒரு வாரம் வைத்து, உரிமையாளரின் சம்மதத்தோடு உள்ளே வரும் டீசல் வண்டிகளை எண்ணிப் பார்க்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. விருந்தினர் வண்டிகள், ஆட்சிக்குழு உறுப்பினர்களின் வண்டிகள், ஒப்பந்ததாரர்களின் வண்டிகள், மாணவர் சங்கத் தேர்தல் நேரத்தில் அணிவகுக்கும் வண்டிகள் என யாவும் அந்த வாயில் வழியேதான் வருகின்றன. எத்தனை வண்டிகளில் வடிகட்டி இருக்கிறது, எத்தனையில் வெறுங்கூடு மட்டும் இருக்கிறது என்ற எண், பெயர்களின்றி வெளியிடப்பட்டால் போதும். பியூசி முறையை மாற்றக் கோரி நீதிமன்றம் செல்ல விரும்பும் எவருக்கும் இன்று கையில் இல்லாதது அந்த ஒற்றை எண்தான்.